சுருட்டி அனுப்பிய பட்டம்

1942 கோடை. சான்ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான்புரூனோ என்ற ஊரில் உள்ள டான்ஃபோரன் குதிரைப் பந்தய மைதானம். அங்கே ஒரு லாயத்தின் வாசலில் தபால்காரர் அட்டைக் குழல் ஒன்றை நீட்டுகிறார். உள்ளே சுருட்டிய ஒரு காகிதம்: பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டம். கை நீட்டி வாங்கிக்கொண்ட யோஷிகோ உச்சிடாவுக்கு வயது இருபது. சிறப்புத் தகுதியோடு தேறியவர். விழா மேடை வளைகுடாவின் அந்தக் கரையில். பட்டதாரி இந்தக் கரையில், குதிரை கட்டியிருந்த கொட்டடியில், முள்வேலிக்கு உள்ளே. பிற்காலத்தில் எழுத்தாளராகப் பேர் வாங்கிய உச்சிடா இதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இன்று அந்த இடத்தில் ஒரு ஷாப்பிங் மால். 1964-ல் மைதானம் தீப்பிடித்து எரிந்தது, 1971-ல் மால் வந்தது. பக்கத்திலேயே ரயில் நிலையம். அதன் வாசலில் 2022 ஆகஸ்டில் ஒரு நினைவிடம் திறந்தார்கள். இரண்டு சிறுமிகளின் வெண்கலச் சிலை, புகைப்படக்காரர் டொரோதியா லாங் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து வடித்தது. அந்தப் படத்தில் குழந்தைகளின் கோட்டில், சாமான் மூட்டைக்குக் கட்டுவதுபோலவே, ஒரு சீட்டுக் கட்டியிருக்கும்.

1942 பிப்ரவரி 19-ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

பயம் பொய்யில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. சென்னையை விட்டு மக்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்த ஹவாயில், மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானியர்களாக இருந்தும், இப்படி ஊரோடு பிடித்து அடைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் அந்தத் தீவுகளில் ஒரு வேலையும் ஓடியிருக்காது. வானிலிருந்து குண்டு விழாத கலிபோர்னியாவில்தான் அடைத்தார்கள்.

விவசாயிகளும் கடைக்காரர்களும் பட்ட பாடு பெரிய கதை. நான் பார்க்க நினைப்பது பல்கலைக்கழக வளாகத்தை மட்டும். படித்தவர்கள் கூடும் இடம் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம் இல்லையா, அதனால்.

பெர்க்லியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர் சியூரா ஓபாட்டா. 1885-ல் ஜப்பானில் பிறந்து, 1903-ல் சான்ஃபிரான்சிஸ்கோ வந்து, 1932 முதல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். யோசெமிட்டி மலைகளை ஜப்பானிய மையிலும் தூரிகையிலும் வரைந்து, கலிபோர்னியாக்காரர்களுக்கே அவர்களுடைய மலையைப் புதிதாகக் காட்டியவர். போர் மூண்டதும் டெலிகிராஃப் அவென்யூவில் இருந்த அவருடைய ஓவியக்கூடத்தை நோக்கி யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள். கூடத்தை மூடினார். வரைந்து குவித்திருந்த படங்களில் பலவற்றை விற்றார். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இனம், மதம் பாராமல், இந்தப் போரால் யார் அதிகம் துன்பப்பட்டாரோ அந்த மாணவருக்கு உதவித்தொகையாகக் கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்திடமே ஒப்படைத்தார். மிச்சப் படங்களில் பலவற்றைப் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் கோர்டன் ஸ்ப்ரோல் (நம்மூர்க் கணக்கில் துணைவேந்தர்) தன் பொறுப்பில் வாங்கி வைத்தார்.

ஸ்ப்ரோல் நல்ல மனிதர். அதில் சந்தேகமில்லை. நண்பரின் பெட்டிகளைப் பத்திரப்படுத்தினார், மாணவர்களை வேறு ஊர்க் கல்லூரிகளில் சேர்க்கப் பாடுபட்டார். பல்கலைக்கழகம் தன் பேராசிரியருக்காக வழக்குமன்றப் படி ஏறவில்லை, அவ்வளவுதான். இரக்கம் நிறையவே இருந்தது. எதிர்த்துப் பேசும் குரல் குறைவு. அந்தக் காலத்து வளாகங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறுத்துவது கொடுமை செய்தவர்களைவிட, இந்த நல்லவர்களின் எல்லைதான்.

டான்ஃபோரனுக்குப் போன சில வாரங்களில் ஓபாட்டா அங்கே ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். குழந்தை முதல் கிழவர் வரை 600 பேருக்கு மேல் வந்து படித்தார்கள். லாய வாடை போகாத இடம். காகிதமும் வண்ணமும் வெளி நண்பர்கள் கொடுத்து அனுப்பியவை. பின்பு எல்லோரையும் யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் முகாமுக்கு ரயிலேற்றினார்கள். அங்கேயும் பள்ளி நடந்தது. கேமரா வைத்திருக்கத் தடை இருந்ததால், அந்த முகாம்களின் அன்றாடம் நமக்குக் கிடைப்பது பெரிதும் இவர்போன்றோர் வரைந்த கோடுகளில்தான். டோபாஸில் நிலா எழும் காட்சியைப் பட்டுத்துணியில் வரைந்த அவருடைய ஓவியம் ஒன்று எலினோர் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசாகப் போனது. கணவர் போட்ட கையெழுத்தால் உள்ளே போனவர் வரைந்த நிலா, மனைவி கைக்கு.

1943-ல் முகாமுக்குள்ளேயே ஓர் இரவு அவரை அடித்துக் காயப்படுத்தினார்கள். அதிகாரிகளோடு இணக்கமாக இருக்கிறார் என்று அவர்மேல் கோபம் கொண்டவர்கள் உள்ளே இருந்தார்கள். வெளியே ஜப்பான் உளவாளி, உள்ளே அமெரிக்கக் கைக்கூலி. ஒரே மனிதருக்கு இரண்டு பட்டம்! மருத்துவமனையிலிருந்து வந்ததும் குடும்பத்தோடு செயின்ட் லூயிஸ் நகருக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவர் மகன் கியோ இருந்தார். பெர்க்லியில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த பையன்; குடும்பம் முகாமுக்குப் போவதற்கு முந்தைய இரவு, ஜப்பானிய மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த சில கல்லூரிகளில் ஒன்றான செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ரயிலேறியவர். வாஷிங்டன் நகரில் ஆண்டுக்குப் பல லட்சம் பேர் பார்க்கும் தேசிய வான்வெளி அருங்காட்சியகம் 1976-ல் திறந்தது. அதை வடிவமைத்தவர் இந்தக் கியோ ஓபாட்டாதான்.

இந்த முகாம் கதையின் அடியில் ஒரு சட்டம் கிடந்தது. ஜப்பானில் பிறந்தவர் அமெரிக்கக் குடியுரிமை கேட்கவே முடியாது. பெர்க்லியில் படித்த தகாவோ ஒசாவா என்பவர் கேட்டுப் பார்த்தார்; நீ வெள்ளையன் இல்லை என்று 1922-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. மறு ஆண்டு பஞ்சாபிலிருந்து போன பகத் சிங் திண்டுக்கும் அதே கதி. இனவியல்படி நான் ஆரியன் என்று அவர் வாதாடியும் எடுபடவில்லை. ஆக, ஓபாட்டா முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்தும் போர் வந்ததும் 'எதிரி நாட்டவர்' ஆனது அவர் விருப்பத்தால் நேர்ந்ததில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் இருக்கிறார்: இத்தாலிக்காரர் என்ரிகோ ஃபெர்மி. அவரும் 1942-ல் பல மாதம் சட்டப்படி எதிரி நாட்டவர்தான். ஊர்விட்டு ஊர் போக அனுமதி வாங்கிக்கொண்டே சிகாகோவில் உலகின் முதல் அணு உலையைக் கட்டினார். 1944-ல் குடியுரிமை பெற்றார்.

அறிவு வேண்டும், ஆள் வேண்டாம் என்ற இந்தக் கணக்கு எவ்வளவு விநோதமானது என்பதற்குக் கடற்படையின் மொழிப்பள்ளி சாட்சி. ஜப்பானிய மொழி தெரிந்த அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். பெர்க்லியில் பள்ளி நடந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளியினர். ஆணை வந்ததும் அவர்கள் கடற்கரை மாநிலத்தில் இருக்க முடியாது என்றாகிவிட்டது. வாத்தியார் இல்லாமல் பள்ளி ஏது? 1942 ஜூனில் பள்ளியையே மூட்டை கட்டி, கொலராடோ மாநிலம் போல்டருக்குக் கொண்டுபோனார்கள். கறிவேப்பிலையைத் தூக்கிப்போடவும் முடியாமல் குழம்பில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், குழம்புச் சட்டியையே அடுத்த வீட்டு அடுப்புக்கு மாற்றிய மாதிரி.

அந்தப் பள்ளியில் படித்த இளைஞர்களில் ஒருவர் டொனால்ட் கீன். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். 1941 இலையுதிர்காலத்தில் ரியுசாகு சுனோடா என்ற முதிய ஆசிரியரிடம் ஜப்பானியச் சிந்தனை வரலாறு படிக்கப் போனார். வகுப்பில் கீனைத் தவிர வேறு யாரும் சேரவில்லை. ஒருவனுக்காக உங்களைச் சிரமப்படுத்துவானேன், நான் விலகிக்கொள்கிறேன் என்றார் பையன். ஒருவர் போதும் என்றுவிட்டார் கிழவர். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னதாகவே வந்து கரும்பலகை நிறைய எழுதிவைத்து, கை கொள்ளாத புத்தகங்களோடு காத்திருப்பாராம்.

டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. ஒரு நாள் கீன் வகுப்புக்குப் போனால் ஆசிரியர் இல்லை. எல்லிஸ் தீவில் அடைத்திருந்தார்கள். அவர்மேல் சொன்ன சந்தேகங்களில் ஒன்றைக் கீன் தன் நினைவுகளில் சொல்கிறார்: நாய் இல்லாமல் தனியாக நெடுந்தூரம் நடக்கிறார், ஆகவே உளவாளி. மாலை நடைக்கு நாயைக் கூட்டிப் போகாத நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்று தெரியவில்லை. சில மாதத்தில் விட்டுவிட்டார்கள். கொலம்பியா அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. போர் முடிந்து வந்த கீன் மறுபடி அவர் முன்னாலேயே உட்கார்ந்தார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தொகுத்த ஜப்பானிய மரபு மூலநூல்கள் 1958-ல் வெளிவந்தன.

கிழக்குக் கடற்கரை கொஞ்சம் பரவாயில்லை என்பதற்கு யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் கானிச்சி அசகாவா இன்னோர் உதாரணம். போரைத் தடுக்க ரூஸ்வெல்ட் ஜப்பான் பேரரசருக்கு நேரடியாக எழுத வேண்டும் என்று 1941 கடைசியில் ஒரு கடித வரைவைத் தயாரித்துக் கொடுத்தவர். வேறு வாசகத்தில் ஒரு செய்தி போனது, அதுவும் காலம் கடந்து. யேல் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. நூலகத்தோடும் நோட்டுப் புத்தகங்களோடும் 1948-ல் இறக்கும்வரை அமைதியாக இருந்தார்.

எல்லோரும் தங்கவும் இல்லை. 1942 ஜூனில் நியூயார்க்கிலிருந்து கிரிப்ஸ்ஹோம் என்ற ஸ்வீடன் கப்பல், ஜப்பானுக்குத் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மொசாம்பிக் துறைமுகத்தில் அந்தப் பக்கத்து அமெரிக்கர்களோடு ஆள் மாற்றம். கப்பலில் பிரின்ஸ்டனில் இருந்த கணிதர் ஷிசுவோ ககுதானி. ஹார்வர்ட் மாணவர் ஷுன்சுகே சுருமி; எஃப்பிஐ பிடித்து வைத்திருந்த இடத்திலேயே ஆய்வேட்டை எழுதிப் பட்டம் வாங்கியவர். ககுதானியைப் பற்றிக் கணித வட்டாரத்தில் ஒரு கதை உண்டு: பயணத்தில் தினமும் ஒரு தேற்றத்தை நிறுவி, பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிவாராம், கண்டெடுப்பவர் பிரின்ஸ்டனுக்கு அனுப்பவும் என்ற குறிப்போடு. கதை எவ்வளவு மெய்யோ, 1941-ல் அவர் அச்சில் விட்டுப்போன நிலைப்புள்ளித் தேற்றம் மெய். 1950-ல் கணிதர் ஜான் நாஷ் தன் சமநிலைக் கோட்பாட்டை அதன்மேல்தான் நிறுவினார். போர் முடிந்து 1948-ல் ககுதானியும் திரும்பி வந்தார்; பிறகு யேலில் பேராசிரியர் ஆனார்.

மாணவர்களுக்கு வருவோம். அந்த ஆண்டு பெர்க்லியில் எல்லோரையும்விடச் சிறந்த மாணவருக்கான பதக்கம் ஹார்வி இட்டானோவுக்கு. விழா நாளில் அவர் முகாமில். அவரால் வர முடியவில்லை, அவருடைய நாடு அவரை வேறிடத்துக்கு அழைத்திருக்கிறது என்று மேடையில் சொன்னார் ஸ்ப்ரோல். எவ்வளவு நாசூக்கான வாக்கியம்! படைக்கு அழைத்த மாதிரியும் கேட்கும். ஜூலை 4-ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, மருத்துவம் படிக்க முகாமைவிட்டு வெளியேறினார் இட்டானோ. ஏழே ஆண்டில், 1949-ல், வேதியியலறிஞர் லைனஸ் பாலிங்கோடு சேர்ந்து அரிவாள் செல் ரத்தசோகை ஒரு மூலக்கூறின் கோளாறு என்று நிறுவினார். நீலகிரிப் பழங்குடியினரிடமும் அந்த நோய் உண்டு என்பதால் நமக்கும் அது தொலைவான செய்தியில்லை.

குவேக்கர் சமயத்தார் முன்னின்று அமைத்த மாணவர் இடமாற்றக் குழு, போர் முடிவதற்குள் 4,000 பேருக்கு மேல் உள்நாட்டுக் கல்லூரிகளில் இடம் வாங்கிக் கொடுத்தது. சுலபத்தில் இல்லை. ராணுவ ஆராய்ச்சி நடக்கும் வளாகங்கள் கதவைச் சாத்தின. மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைக் கடிதம், பணம் இருப்பதற்கான சான்று, பாதுகாப்புத் துறை அனுமதி என்று காகிதத்துக்குமேல் காகிதம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலைக்கூடத் தர மறுத்தது. கடைசி ஆண்டில் இருந்தவர்கள் மற்றோர் இடத்தில் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. ஆணை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாற்காலியில் இருந்தவர் செய்தார். பெர்க்லியிலிருந்து பட்டம் தபாலில் வந்ததும் இங்கே பட்டியல் பீரோவில் பூட்டிக் கிடந்ததும் ஒரே மாநிலத்தில், ஒரே சட்டத்தின் கீழ்.

முள்கம்பிக்கு வெளியே நின்று சட்டத்தைக் கேள்வி கேட்டவர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் கடைசி ஆண்டு மாணவர் கோர்டன் ஹிராபயாஷி. ஊரடங்கை மீறினார், முகாமுக்குப் போக மறுத்தார், நேரே எஃப்பிஐ அலுவலகம் போய்ச் சொன்னார். 1943-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரிசோனாவில் சிறை முகாம். அரசு பயணச் செலவு தராததால் வழியில் வண்டிகளில் இடம் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார். போனால் அவருடைய காகிதங்களைக் காணோம்! கொஞ்சம் பொறு, போய் ஒரு சினிமா பார்த்துவிட்டு வா என்றார்களாம். பிற்பாடு சமூகவியல் முனைவர் ஆகி, பெய்ரூட், கெய்ரோ, கனடாவின் அல்பர்ட்டா என்று பேராசிரியர் வாழ்க்கையை அமெரிக்காவுக்கு வெளியிலேயே கழித்தார். அந்தச் சிறை முகாம் இருந்த மலையிடம் இப்போது மக்கள் கூடாரம் அடித்துத் தங்கும் வனப்பகுதி. 1999 முதல் அதன் பெயர் கோர்டன் ஹிராபயாஷி.

அவர்மேல் இருந்த தண்டனை 1987-ல் முழுவதுமாக நீங்கியது எப்படி என்பது தனிக் கதை. அதில் எனக்குப் பிடித்த மனிதர் பேராசிரியர் இல்லை. ஐகோ ஹெர்சிக் யோஷினாகா என்ற பெண்மணி. 1942-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பள்ளி இறுதி வகுப்பு. உங்கள் ஆட்கள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டார்கள், உங்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று தலைமை ஆசிரியர் சொன்னதைக் கேட்டவர். பல ஆண்டு எழுத்தர் வேலை பார்த்த பிறகு, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தன்பாட்டுக்குப் போய் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்ட ஆரம்பித்தார். 1982-ல் ஒரு மேசைமேல் கிடந்த அறிக்கை கண்ணில் பட்டது. மேற்குப் பகுதித் தளபதி ஜெனரல் டிவிட்டின் முதல் அறிக்கை. அச்சான பிரதிகளை எரித்துவிட்டு, திருத்திய பதிப்பைத்தான் அரசு வெளியே காட்டியிருந்தது. விசுவாசமானவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்தறிய நேரம் இருந்ததா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை, இந்த இனத்தில் பிரித்தறியவே முடியாது என்பது அதன் சாரம். நேரமில்லை என்றுதான் நீதிமன்றத்தில் அரசு வாதாடியிருந்தது. சான்றிதழ் மறுக்கப்பட்ட பெண்ணின் கையில் சிக்கியது தப்பிப் பிழைத்த அந்த ஒரு பிரதி.

அதன்பின் காகிதங்கள் எதிர்த்திசையில் நகர ஆரம்பித்தன. 1988-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் மன்னிப்பும், உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் தந்தது. 2008-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகமும், 2009-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் படிப்பு பாதியில் நின்றுபோனவர்களுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் கௌரவப் பட்டமே தருவதில்லை என்று தனக்கு விதித்திருந்த தடையை இதற்காகத் தளர்த்தியது. சுமார் 700 பேருக்கு. எண்பது கடந்தவர்கள் அங்கி மாட்டிக்கொண்டு வந்தார்கள். பலருக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வந்து வாங்கினார்கள். மதிப்பெண் பட்டியலைப் பூட்டிவைத்த தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2022 ஏப்ரலில்தான் மன்னிப்புக் கேட்டு, இறந்துபோனவர்களின் பெயரிலும் பட்டம் தந்தது. எண்பது ஆண்டு.

அதே 2022-ஐ இன்னொரு பக்கமாகப் புரட்டலாம். ஜனவரியில், எம்ஐடி பேராசிரியர் காங் சென் மீதான வழக்கை அரசு கைவிட்டது. சீனாவில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகன். ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பப் படிவத்தில் சீனத் தொடர்புகளைச் சொல்லவில்லை என்று ஓராண்டுக்கு முன் கைது செய்திருந்தார்கள். சொல்ல வேண்டியதே இல்லை என்று பிறகு தெரிந்தது. 2018-ல் தொடங்கிய 'சீன முன்னெடுப்பு' என்ற அந்த வேட்டையையே பிப்ரவரியில் நீதித்துறை நிறுத்திக்கொண்டது. டென்னசி பல்கலைக்கழகத்தின் அன்மிங் ஹு அதற்கு முன்பே விடுதலையானார், இடையில் வேலை போய்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காங் சென் கைதானதும் சக பேராசிரியர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், நாங்கள் எல்லோருமே காங் சென்தான் என்று கையெழுத்திட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். வக்கீல் செலவை எம்ஐடி ஏற்றுக்கொண்டது. 1942-ல் வளாகம் படப் பெட்டிகளைப் பாதுகாத்தது. இப்போது வளாகம் வக்கீல் வைத்தது. டென்னசியில் அப்படி நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றும் அது நாற்காலியில் யார் என்பதைப் பொறுத்ததுதான்.

2023-ல் ஃப்ளோரிடா ஒரு சட்டம் போட்டது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள், 'கவலைக்குரிய நாடுகள்' ஏழிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவரை வேலைக்குச் சேர்க்க மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும் என்றது அது. சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா, கியூபா, வெனிசுவேலா, சிரியா. அந்தப் பட்டியலில் ஜப்பான் இல்லை.